தறியும் வருகைப் பதிவேடும்: ஆரணி வட்டாரத்தில் தனிநிலை ஆய்வின் கதை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டு வந்தபோது, விடுதி மெஸ் சாம்பாரையும், சுற்றுலா போன பஸ் நடுவழியில் நின்றதையும் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுத நம் கூட்டத்தில் பத்துப் பேராவது இருக்கிறார்கள். எனக்கு வேறு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. எம்.எட். படித்த காலத்தில், 1996-இல், ஆரணியில் ஒரு பள்ளியை வைத்து ஆய்வு செய்தேன். அதில் ஒரு தவறு செய்தேன். அந்த ஆய்வேடு இன்னமும் நூலக அலமாரியில் இருக்கிறது. அதைத் திருத்துவதற்கு, பழைய மாணவரும் இப்போது படிக்கிற மாணவரும் ஒன்றாகப் படிக்கிற இந்த மலரைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

தவறைச் சொல்வதற்கு முன்னால், ஒரே ஒரு ஊரையோ ஒரே ஒரு பள்ளியையோ எடுத்துக்கொண்டு ஆழமாக ஆராய்கிற இந்த முறை நம் வட்டாரத்துக்கு எப்படி வந்தது என்ற வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த வரலாற்றில் நம் ஆரணிக்கு ஒரு தனி இடமே இருக்கிறது. ஆரணி என்றால் பட்டு, ஆரணி என்றால் அரிசி என்றுதான் வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்களில் ஆரணி என்றால் ‘ஆய்வு’ என்றும் ஒரு பொருள் உண்டு என்பது நம்மில் பலருக்கே தெரியாது.

பெயரில் ஒரு குழப்பம்

பி.எட். படித்த எல்லோருக்கும் ‘தனியாள் ஆய்வு’ ஞாபகம் இருக்கும். உளவியல் தாளுக்காக ஒரு மாணவனைத் தேர்ந்தெடுத்து, பெயர், வயது, பெற்றோர் தொழில், உடல்நலம், நடத்தைக் குறை, பரிந்துரை என்று ரெக்கார்டு நோட்டில் பத்துப் பக்கம் எழுதுவோம். முந்தைய ஆண்டு அண்ணன் எழுதியதைப் பார்த்து எழுதியவர்களும் உண்டு. (சிரிக்க வேண்டாம், உங்களையும்தான் சொல்கிறேன்.) அதனால் கேஸ் ஸ்டடி என்றாலே ஒரு ‘பிரச்சினைக்குரிய பையனை’ப் பற்றியது என்ற எண்ணம் நம் மனத்தில் பதிந்துவிட்டது.

‘கேஸ்’ என்ற சொல் நமக்குப் புதிதல்ல. வக்கீலுக்குக் கேஸ் என்றால் வழக்கு, டாக்டருக்குக் கேஸ் என்றால் நோயாளி. அமெரிக்காவில் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் 1870 முதல் லாங்டெல் என்பவர் பழைய வழக்குகளை வைத்தே சட்டம் கற்பித்தார். ஆராய்ச்சியில் கேஸ் என்பது எல்லை கட்டிய ஒரு பொருள். அது ஒரு குழந்தையாக இருக்கலாம், ஒரு வகுப்பாக, ஒரு பள்ளியாக, ஒரு தெருவாக, ஒரு திட்டமாக இருக்கலாம். அதனால் ‘தனியாள்’ என்பதை விட்டுவிட்டு, இந்தக் கட்டுரையில் ‘தனிநிலை ஆய்வு’ என்றே எழுதுகிறேன்.

மன்றோவின் அட்டவணையும் பல்லாரிக் கலெக்டரின் கடிதமும்

கதையை 1822-இல் தொடங்க வேண்டும். அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ, அந்த ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் ஒரு குறிப்பு எழுதினார். மாகாணத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர், எந்தச் சாதியார், எத்தனை ஆண்டு படிக்கிறார்கள், மாதச் சம்பளம் எவ்வளவு என்று ஒவ்வொரு கலெக்டரும் கணக்கெடுத்து அனுப்ப வேண்டும் என்பது அவர் கருத்து. ஆரணி ஜாகீர் இருந்த வட ஆற்காடு உட்பட மாவட்டங்களிலிருந்து விவரங்கள் வந்து சேர மூன்று ஆண்டுக்கு மேல் ஆயிற்று. எல்லாவற்றையும் கூட்டி, 1826 மார்ச் 10-ஆம் நாள் மன்றோ தம் முடிவை எழுதினார். மொத்தம் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். 1983-இல் தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகு இந்த எண்கள் மேடைதோறும் பேசப்பட்டன.

நான் சொல்ல வருவது வேறு. மன்றோவே தம் அட்டவணையை முழுதாக நம்பவில்லை. பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகள் நிறைய உண்டு, அவர்கள் இந்தக் கணக்கில் வரவில்லை என்றார். சென்னை நகரில் வீட்டில் படிப்போர் 26,963 பேர் என்று வந்த எண்ணில் பிழை இருக்கலாம் என்றும் எழுதினார். ஆகவே பள்ளியில் படிக்கும் ஆண் பிள்ளைகள் நாலில் ஒரு பங்கு என்று அட்டவணை காட்டினாலும், படிக்கிறவர் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாகவே இருப்பார்கள் என்று மதிப்பிட்டார். பட்டியலில் இருப்பது ஒன்று, வீட்டில் நடப்பது இன்னொன்று என்று ஓர் ஆளுநருக்கு 200 ஆண்டுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

கலெக்டர்களில் பலர் எண்களை மட்டும் நிரப்பி அனுப்பினார்கள். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பல்லாரியின் கலெக்டர் கேம்ப்பெல் மட்டும் 1823 ஆகஸ்டில் விரிவான கடிதம் ஒன்றைச் சேர்த்து அனுப்பினார். பள்ளி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, பெரிய மாணவன் சின்ன மாணவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறான், மணலில் எழுதிப் பழகுவது எப்படி என்றெல்லாம் எழுதினார். அதோடு நிற்கவில்லை. முன்பு பள்ளி இருந்த பல ஊர்களில் இப்போது இல்லை, ஏன் என்றும் கேட்டுப் பதில் சொன்னார். ஐரோப்பியத் துணி வந்து இறங்கியதால் இந்தியப் பருத்தித் துணி நெய்தவர்களின் வருமானம் சரிந்துவிட்டது, வறுமையால் பிள்ளைகளின் கை வேலைக்குத் தாங்கும் வயது வந்தவுடனே பெற்றோர் வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது.

தறிக்கும் பள்ளிக்கும் உள்ள உறவை நம் மாகாணத்தில் எழுத்தில் வைத்த மிகப் பழைய குறிப்புகளில் இது ஒன்று. ‘எத்தனை’ என்ற கேள்விக்கு அட்டவணை பதில் சொல்லிற்று. ‘ஏன்’ என்ற கேள்விக்கு ஒரே ஒரு மாவட்டத்தின் கடிதம்தான் பதில் சொல்லிற்று. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் எழுதிய ஊர்கள்

அடுத்த கட்டம் 1916. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், புத்தகத்தை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினால் போதாது என்று கருதினார். கேள்விப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து மாணவர்கள் கையில் கொடுத்து, ‘உங்கள் உங்கள் ஊரைப் படித்து வாருங்கள்’ என்று அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த அறிக்கைகள் 1918-இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளிவந்தன. அதில் ஓர் ஊர் தூசி. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, அன்றைய வட ஆற்காட்டில் இருந்தது. இன்று நம் திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்.

முக்கியமானது, ஆய்வு அத்தோடு முடியவில்லை. 1936-37-இல் பி.ஜே. தாமஸ், கே.சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் தலைமையில் அதே ஊர்களுக்கு மறுபடியும் போனார்கள். அந்த நூல் 1940-இல் வந்தது. 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். 1980-களில் எஸ். குகனும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் தூசிக்கும் இருவேல்பட்டுக்கும் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-இல் கூடப் போயிருக்கிறார்கள். ஒரே ஊரை ஏறத்தாழ நூறு ஆண்டு பார்த்துக்கொண்டே இருப்பது உலகத்தில் வெகு அபூர்வம். இதன் தொடக்கம் கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் எழுதிக்கொண்டு வந்த தாள்கள் என்பதை இப்போதைய மாணவத் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டும்.

ஆரணிக்கு வந்தவர்கள்

1973-74-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து பசுமைப் புரட்சியை ஆராய வந்தன. பி.எச். ஃபார்மர் தலைவர். வட ஆற்காடு மாவட்டத்தில் பதினொரு கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அந்தக் குழுவில் இருந்த இராபர்ட் சேம்பர்ஸ், பின்னால் 1983-இல் எழுதிய நூலில், அதிகாரிகளும் ஆய்வாளர்களும் தார்ரோடு போகிற இடத்தோடு நின்றுவிடுகிறார்கள், ரோட்டை விட்டு உள்ளே இருக்கிற ஏழை அவர்கள் கண்ணில் படுவதே இல்லை என்று எழுதி உலகப் புகழ் பெற்றார்.

அதே குழுவில் இருந்த பார்பரா ஹாரிஸ், பிற்காலத்தில் ஹாரிஸ்-வைட், கிராமத்து நெல் எங்கே விற்பனைக்குப் போகிறது என்று பார்க்க ஆரணி டவுனுக்கு வந்தார். வந்தவர் ஆரணியை விடவே இல்லை. 1973-இல் தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை கடை கடையாக, மில் மில்லாகக் கேட்டு எழுதினார். 2003-இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பொருளாதாரம் பற்றிய நூலுக்கு ஆரணி அனுபவமே பெரிய ஆதாரம். இந்திய மக்களில் 88 விழுக்காட்டினர் கிராமங்களிலும், 2 லட்சத்துக்கும் குறைந்த மக்கள்தொகை உள்ள சிற்றூர் நகரங்களிலும்தான் வாழ்கிறார்கள், அவர்களைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஆரணி மாதிரி ஊரைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். பதிவேட்டில் ஏறாத கடை, ரசீது இல்லாத கடன், கணக்கில் வராத கூலி இவைதான் பொருளாதாரத்தின் பெரும்பகுதி என்று காட்டினார்.

1990-களில் எஸ். ஜனகராஜன் முதலானோர் நேசல், விநாயகபுரம், வீரசம்பனூர் ஆகிய ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். அது 2004-இல் நூலாயிற்று. ஆரணியைப் பற்றிய நாற்பதாண்டு ஆய்வுகளின் தொகுப்பு 2016-இல் வந்தது. பட்டு நெசவு டவுனை விட்டுச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் பரவியதையும், தொழில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதையும் பார்த்தவர்கள் உண்டு. இவ்வளவுக்கும் பின்னால் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அதை 1971-இல் தொடங்கிய மால்கம் ஆதிசேஷையா, பக்கத்து வேலூரில் பிறந்து யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்த கல்வியாளர்.

கல்வித் துறைக்கு வந்த விதம்

நம் துறைக்கு, அதாவது கல்வித் துறைக்கு, இந்த முறை வந்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். 1960-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் புதிய பாடத்திட்டங்களுக்குப் பெரும் பணம் செலவிட்டார்கள். பலன் இருக்கிறதா என்று தேர்வு வைத்து மதிப்பெண் ஒப்பிட்டுப் பார்த்தால், ஏன் ஒரு பள்ளியில் பலித்தது, இன்னொன்றில் பலிக்கவில்லை என்பது விளங்கவில்லை. 1970-இல் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் இங்கிலாந்தில் நாரிச் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் தொடங்கி, ஆசிரியரே ஆய்வாளராக வேண்டும் என்றார். 1972-இல் கேம்பிரிட்ஜில் ஒரு மாநாடு கூடி, எண்களுக்கு அப்பாலும் பார்க்க வேண்டும் என்று பேசியது. அடுத்த ஆண்டே அதே ஊரிலிருந்து இன்னொரு குழு நம் வட ஆற்காட்டுக்கு வந்தது தற்செயல்தான் என்றாலும் நினைத்துப் பார்க்கத் தக்கது. 1978-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்து இராபர்ட் ஸ்டேக் குழுவினர் அறிவியல் கற்பித்தலைப் பற்றிப் பதினொரு இடங்களில் தனிநிலை ஆய்வு செய்து வெளியிட்டனர்.

அப்புறம் பாடநூல்கள் வந்தன. இராபர்ட் யின் 1984-இல், ஷாரன் மெரியம் கல்வித் துறைக்கென்றே 1988-இல், ஸ்டேக் 1995-இல் எழுதினார்கள். யின் சொன்னதன் சாரம்: நிகழ்ச்சியையும் அதன் சூழ்நிலையையும் பிரிக்க முடியாத இடத்தில்தான் தனிநிலை ஆய்வு வேண்டும். ஓர் ஊரைப் பார்த்துவிட்டு எல்லா ஊருக்கும் சதவீதம் சொல்லக்கூடாது. ஆனால் ‘இதனால் இது நடக்கிறது’ என்ற விளக்கத்தை அங்கே சோதித்துப் பார்க்கலாம், அந்த விளக்கத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோய் மறுபடி சோதிக்கலாம்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் என்னைக் கேட்டார், ‘ஒரு பள்ளியை வச்சுக்கிட்டு என்னப்பா சொல்ல முடியும்?’ அன்றைக்கு எனக்கு யின்னின் பதில் தெரியும். மனப்பாடமாகச் சொன்னேன், முதல் வகுப்பும் வாங்கினேன். ஆனால் அந்தப் பதிலுக்கேற்ற வேலையை நான் செய்யவில்லை.

நான் செய்த ஆய்வு

1994-இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தமிழ்நாட்டில் வந்தபோது, முதல் கட்டத்திலேயே சேர்க்கப்பட்ட மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. பெண் எழுத்தறிவு நாட்டுச் சராசரியைவிடக் குறைந்த மாவட்டங்களுக்கே அந்தத் திட்டம் முன்னுரிமை தந்தது. எங்கு பார்த்தாலும் ‘இடைநிற்றல்’ என்றே பேச்சு. நானும் அதையே எடுத்தேன். ஆரணியில் நெசவாளர் தெருவை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளி. பொங்கல் கழிந்து தை மாதம் ஐந்து நாள் போனேன். வருகைப் பதிவேட்டைப் பார்த்து, நீண்ட நாள் வராத பையன்கள் பதினொரு பேரைப் பட்டியல் எடுத்தேன். பதிவேட்டுப் பக்கங்களை ஜெராக்ஸும் எடுத்துக்கொண்டேன்.

கடைசி நாளில் வகுப்பாசிரியர் ஆள் அனுப்பி அந்தப் பையன்களை வரவழைத்தார். நல்ல மனுஷர், எனக்கு உதவி செய்யத்தான் செய்தார். வரிசையாக நிற்க வைத்து, ‘ஏன் பள்ளிக்கு வரவில்லை?’ என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். ‘வீட்ல அக்கறை இல்ல சார்’ என்று ஆசிரியரே சொன்னார். நானும் காரணம் என்ற கட்டத்தில் ‘பெற்றோர் அக்கறையின்மை’ என்று பதினொரு தடவை எழுதினேன். டைப் அடித்து, பைண்டு போட்டு, கொடுத்தும் விட்டேன். தறி இருந்த தெரு பள்ளியிலிருந்து நூறு அடிகூட இல்லை. தறிச் சத்தம் வகுப்பறையில் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் போகவில்லை.

2009-இல் உறவினர் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஆரணிக்குப் போயிருந்தேன். கடையில் சேலை எடுத்துப் போட்டவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘சார், நீங்க எங்க இஸ்கூலுக்கு வந்து எங்களை நிக்க வச்சு பேர் எழுதினீங்களே’ என்றார். அந்தப் பதினொரு பேரில் ஒருவர். டீ குடிக்கக் கூப்பிட்டேன். அன்றைக்கு ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

‘நீங்க கேட்டீங்க, எங்க சாரே பதில் சொல்லிட்டாரு. அப்புறம் நான் இன்னா சொல்றது? நீங்க இஸ்கூலுக்குத்தான் வந்தீங்க சார். எங்க வூட்டுக்கு வரலியே.’

அதன் பிறகு அவர் சொன்னது இது. அக்கா கல்யாணத்துக்கு அவர் நைனா, நூல் கொடுக்கிற முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். கூலியில் கழித்துக்கொள்வார்கள். சீக்கிரம் கழிய வேண்டுமானால் கூலி அதிகம் கிடைக்கிற கோர்வைச் சேலை போட வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று தனித்தனியாகக் கோர்த்து நெய்வது கோர்வை. அதற்கு நெய்கிறவருக்குப் பக்கத்தில் குந்திக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. ஆகவே பையன். தை, மாசி, பங்குனியில் முகூர்த்தம் அதிகம், தறி நிற்கவே நிற்காது.

‘எங்க நைனாவுக்கு அக்கறை இல்லன்னு யார் சார் சொன்னது? மழை பிடிச்சா குழியில தண்ணி ஊறிடும். தெருவுல பாவு நீட்ட முடியாது. அன்னிக்கே என்னை இஸ்கூலுக்குத் தொரத்துவாரு. ஐப்பசி, கார்த்திகையில நான் ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல. ஒரு பாவு முடிஞ்சி அடுத்த பாவு ஏத்துற வரைக்கும் மூணு நாள், நாலு நாள். அப்பவும் வருவேன்.’

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய ஜெராக்ஸ் தாள்களை எடுத்தேன். எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. அவர் சொன்னது அப்படியே இருந்தது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுவரை வரிசையாக வருகைக் குறி. மற்ற மாதங்களில் வராத நாள்களுக்கு இடையில் மூன்று நாள், நான்கு நாள் திட்டுத் திட்டாக வருகை. அவருக்கு மட்டுமல்ல, பட்டியலில் வேறு சில பையன்களுக்கும் அதே மாதிரி. தறியின் காலண்டர் பள்ளிப் பதிவேட்டில் எழுதியிருந்திருக்கிறது. நான் கடைசிக் கட்டத்தில் இருந்த கூட்டுத்தொகையை மட்டும் பார்த்திருக்கிறேன்.

இதைவிட வருத்தமானது ஒன்று உண்டு. பிறகு ஒருமுறை நூலகத்தில் தேடியபோது, எனக்கு அடுத்து வந்த ஒருவர் தம் ஆய்வேட்டில், நெசவாளர் பிள்ளைகளின் இடைநிற்றலுக்குப் பெற்றோர் அக்கறையின்மையே காரணம் என்று எழுதி, சான்றாக என் ஆய்வைக் காட்டியிருப்பதைப் பார்த்தேன். மழை நாளில் மகனைப் பள்ளிக்குத் துரத்திய ஒரு தகப்பனுக்கு நான் வாங்கிக் கொடுத்த பட்டம் அது. ஆகவே இங்கே எழுத்தில் சொல்கிறேன்: 1996-ஆம் ஆண்டு என் ஆய்வேட்டில் இடைநிற்றலின் காரணம் பற்றிய பகுதி ஆதாரமற்றது. யாரும் அதை மேற்கோள் காட்ட வேண்டாம்.

சட்டத்துக்கும் தெரியாத தறி

நான் மட்டுமா பார்க்கவில்லை? 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பல தொழில்களில் 14 வயதுக்குட்பட்டவரை வைக்கக்கூடாது என்றது. ஆனால் குடும்பத்தார் உதவியோடு நடத்துகிற தொழிலுக்கு விலக்குக் கொடுத்தது. வீட்டுத் தறி அந்த விலக்கில் போய்விடும். 2003-இல் ஒரு பன்னாட்டு மனித உரிமை அமைப்பு காஞ்சிபுரம் முதலான பட்டு ஊர்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, அட்வான்ஸ் பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் தறியில் கட்டுண்டு கிடந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. 14 வயதுக்குட்பட்டவர் எந்தத் தொழிலிலும் கூடாது, குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகு உதவலாம் என்று மாற்றினார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது.

பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்ததில் சோற்றின் பங்கையும் சொல்ல வேண்டும். காமராசர் காலத்து மதிய உணவு, 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, 2022-இல் தொடங்கிய காலை உணவு என்று தமிழ்நாட்டுக்கு அதில் நல்ல பெயர் உண்டு. இன்று ஆரணியில் தறிப்பிள்ளைகளைப் பார்ப்பது அரிது. மகன் படித்துவிட்டுச் செய்யாறு சிப்காட்டுக்கோ சென்னைக்கோ போகிறான், தறிக்கு ஆள் இல்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஒரு கவலை போய் இன்னொரு கவலை வந்திருக்கிறது. அதை ஆராய இன்னொருவர் வர வேண்டும். அவர் நம் கல்லூரிக்காரராக இருந்தால் நல்லது.

அடுத்து போகிறவர்களுக்கு

போகிற தம்பி தங்கைகளுக்கு, பட்டு உணர்ந்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

முதலாவது, கேள்வி ‘எப்படி, ஏன்’ என்று இருக்கட்டும். ‘எத்தனை’ என்று கேட்க வேண்டுமானால் கணக்கெடுப்பு முறை இருக்கிறது, தாராளமாக அதைச் செய்யுங்கள்.

இரண்டாவது, எல்லையைக் கட்டுங்கள், ஆனால் சரியான இடத்தில் கட்டுங்கள். நான் பள்ளிச் சுவரோடு எல்லை கட்டினேன். என் கேள்விக்கு எல்லை தறி வரைக்கும் போயிருக்க வேண்டும்.

மூன்றாவது, காலமும் எல்லைதான். தை மாதத்து ஆரணி வேறு, ஐப்பசி மாதத்து ஆரணி வேறு. தொடர்ந்து தங்க முடியாவிட்டாலும் இரண்டு பருவத்திலாவது போய்ப் பாருங்கள்.

நான்காவது, ஒரு செய்திக்கு மூன்று பக்கத்துச் சான்று தேடுங்கள். பதிவேடு ஒன்று சொல்லும், ஆசிரியர் ஒன்று சொல்வார், வீடு ஒன்று சொல்லும். மூன்றும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் இன்னும் நல்லது, ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது. பதிவேடு இப்போது ஆசிரியரின் கைப்பேசிக்குள் போய்விட்டது. அதிலும் கூட்டுத்தொகையை மட்டும் பார்க்காமல் நாளையும் பாருங்கள்.

ஐந்தாவது, உங்கள் விளக்கத்துக்கு எதிரான விளக்கத்தை நீங்களே எழுதிப் பாருங்கள். ‘அக்கறை இல்லை என்றால், அவன் மழைக்காலத்தில் மட்டும் ஏன் வந்தான்?’ என்று நான் என்னையே கேட்டிருந்தால், 13 ஆண்டு கழித்து டீக்கடையில் பதில் தேட வேண்டி இருந்திருக்காது.

ஆறாவது, எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள். பெயரை மறையுங்கள், தேவைப்பட்டால் ஊரின் பெயரையும் மறையுங்கள். ஆந்த்ரே பெத்தெய் 1965-இல் தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர் ஒன்றைப் பற்றி எழுதியபோது ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்தார். பையன்களை வரிசையில் நிறுத்தி, ஆசிரியர் முன்னால் கேள்வி கேட்காதீர்கள்.

ஏழாவது, குறிப்புகளைப் பத்திரப்படுத்துங்கள். எம்.என். சீனிவாஸ் மைசூர்ப் பக்கத்து இராம்பூரா கிராமத்தைப் பற்றிச் சேர்த்த குறிப்புகள் 1970-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் தீ வைப்பில் எரிந்துபோயின. அவர் நினைவிலிருந்தே ஒரு நூல் எழுதி 1976-இல் வெளியிட்டார். அவர் பெரிய மனிதர், அது அவரால் முடிந்தது. நம்மால் ஜெராக்ஸ் எடுத்து வைக்கத்தான் முடியும். என் தவறே ஜெராக்ஸ் இருந்ததால்தான் எனக்குத் தெரிந்தது.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஐம்பது ஆண்டாக ஆரணியைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறார்கள், அதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. பதில் சொன்ன நெசவாளியும் நெல் வியாபாரியும் தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிக்க வழியில்லை. ஆண்டுக்கு ஒரு மாணவரையாவது ஆரணி வட்டாரத்தில் ஒரு பள்ளியைத் தனிநிலை ஆய்வு செய்யவைத்து, அதன் சுருக்கத்தைத் தமிழில் நான்கு பக்கம் அச்சிட்டு அந்தப் பள்ளிக்கும் தெருவுக்கும் கொடுக்கச் சங்கம் ஏற்பாடு செய்யலாம். அச்சுச் செலவில் என் பங்கை இந்தக் கூட்டத்திலேயே செலுத்தத் தயாராக இருக்கிறேன். முதலில் அச்சாகிற நான்கு பக்கத்தை ஆரணிக் கடைவீதியில் ஒருவரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் படித்துப் பார்த்து, ‘இது சரியா இருக்குது சார்’ என்று சொல்ல வேண்டும்.